ஊட்டத்தூர்க் கடல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் நோக்கிச் செல்லும் சாலையில், பாடாலூரை ஒட்டி உள்ளடங்கி இருப்பது ஊட்டத்தூர். சைவ அன்பர்கள் அவ்வூரைச் சுத்தரத்தினேசுவரர் கோயிலால் அறிவர். நிலவியலாளரோ உலகின் எந்த மூலையில் இருந்தாலும் வேறொரு காரணத்தால் அறிவர். கிரெட்டேசியக் காலத்துக் கடற்பாறைத் தொகுதி ஒன்று இவ்வூரின் பெயரால் வழங்குகிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் திரளாக வாழ்ந்து இன்று உலகில் எங்குமே இல்லாமற்போன உயிரினம் அம்மோனைட்.

பார்வைக்கு அது ஆட்டுக்கடாவின் கொம்பு போன்ற ஒரு சுருள். எகிப்தியரின் அம்மோன் தெய்வத்துக்கு ஆட்டுக் கொம்பு உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. நத்தையின் உறவு என்று எளிதில் மயங்கிவிடலாம். ஆனால் நத்தையின் ஓடு உள்ளே தடுப்பற்ற ஒரே குழல். அம்மோனைட்டின் ஓடோ அறை அறையாகப் பகுக்கப்பட்டது. விலங்கு கடைசி அறையில் மட்டும் குடியிருந்தது. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டது. கைவிட்ட அறைகளை ஊடுருவிச் சென்ற மெல்லிய குழாய் ஒன்றின் வழியே நீரை வெளியேற்றி, வளியால் நிரப்பி, நீரில் தன்னை மிதக்கச் செய்துகொண்டது. உயிரோடிருக்கும் உறவினர் யாரெனில் நம் கடற்கரை மீனவர் நன்கறிந்த கணவாயும் பேய்க்கணவாயும்தான். தோற்றத்தில் மிக ஒத்திருக்கும் நாட்டிலஸ் சற்றே தூரத்து உறவு.

அறைச்சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். நாட்டிலசில் அது எளிய வளைவு. பிற்கால அம்மோனைட்டுகளிலோ இலையின் விளிம்பு போல, கோலத்தின் இழை போல நெளிந்து கிளைவிடும். இனத்துக்கு இனம் அக்கோடு வேறுபடும். இனங்களும் விரைவில் தோன்றி விரைவில் மறைந்தன. அவற்றுட் பல கடல் கடந்தும் பரவின. ஆகவே ஒரு பாறையில் எந்த அம்மோனைட் கிடக்கிறது என்று தெரிந்தால், அப்பாறையின் காலத்தைச் சொல்லிவிடலாம். 1850-களில் ஜெர்மானியரான ஆல்பெர்ட் ஒப்பெல் ஜுராசிக் காலப் பாறைகளை இவ்வாறுதான் நுட்பமாக அடுக்கிக் காட்டினார். நாணயத்தையும் எழுத்தமைதியையும் கொண்டு கல்வெட்டின் நூற்றாண்டைக் கணிப்பவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

நம் பகுதிக் கற்களின் வரலாறு 1840-களில் தொடங்குகிறது. கம்பெனி ஆட்சியில் சென்னை நிருவாகப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து, இவை கிரெட்டேசியக் கடலுயிர்கள் என்று அறுதியிட்டார். சுருளாமல் கோல்போல் நீண்ட பாகுலைட்டுகளும் அவற்றுள் இருந்தன. புதுச்சேரிப் படிவங்களை மற்றவற்றைவிட மூத்தவை என அவர் கருதினார். பின்வந்தோர் அவையே இளையவை என்று நிறுவினர். இலண்டனில் இருந்துகொண்டு, மண்ணைப் பாராமல், பெட்டியில் வந்த கற்களை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு அது. பிழைத்ததைவிடப் பலித்தது அதிகம் என்பதே எனக்கு வியப்பு.

மண்ணைப் பார்த்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக ஊர் ஊராகச் சென்று 1862-ல் வெளியிட்ட அறிக்கையில் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பகுத்தார். அப்பகுப்பு பெருமளவில் இன்றும் நிற்கிறது. அம்மோனைட்டுகளை விவரிக்கும் பெரும்பணி மொராவியாவில் பிறந்து வியன்னாவில் பயின்ற ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் வந்தது. 1862-ல் கல்கத்தா வந்த அவர் தென்னிந்தியக் கிரெட்டேசிய உயிர்களைப் பற்றி எழுதிக் குவித்தார். யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874-ல் லடாக்கின் உயர்மலையில் இறந்தபோது அவருக்கு வயது 36. அந்நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் அப்பணியைத் திருத்தி விரித்தார். காரை, கருடமங்கலம், வழுதாவூர் என்னும் நம் சிற்றூர்ப் பெயர்கள் ஜெர்மன் மொழி ஏடுகளில் ஏறிய கதை இது.

பிளான்ஃபோர்டைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பைக் கற்பித்து லெமூரியா என்று பெயரிட்டார். பிளான்ஃபோர்டும் 1875-ல் தாவரப் படிவங்களைச் சான்றாகக் கொண்டு இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு கண்டம் இருந்திருக்கவேண்டும் என்றார். பின்னாளில் குமரிக்கண்டமாகத் தமிழில் உருவெடுத்த கருத்தோட்டத்தின் ஊற்றுகளில் ஒன்று இது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நிலமாகிப்போன ஒரு கடலை அளந்தவரே, கடலாகிப்போன ஒரு நிலத்துக்கும் வாதாடினார். கடலை அவர் கையால் தொட்டுப் பார்த்திருந்தார். நிலம் ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்பது 1960-களில் உறுதிப்பட்டபின் அவ்வூகத்துக்குத் தேவையே இல்லாமற்போயிற்று.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அரியலூரில் கடற்படிவங்கள் கிடைப்பதைக் கடல்கோளுக்குச் சான்றாகக் காட்டும் பேச்சைத் தமிழ்மேடைகளில் கேட்டிருக்கிறேன். சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் சுட்டும் கடல்கோள் மனித நினைவைச் சார்ந்தது. மனித இனத்தின் வயதே ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகள். கடைசி அம்மோனைட்டுகள் அழிந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களுக்கு முடிவுகட்டிய அதே பேரழிவில். இரண்டையும் முடிச்சுப்போடுவதால் இலக்கியத்துக்குப் பெருமை சேராது; கல்லுக்கும் நியாயம் கிடைக்காது.

ஆனால் சமயத்தோடு இவ்வுயிருக்கு மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பல, ஜுராசிக் காலத்து அம்மோனைட்டைப் பொதிந்த கருங்கற்களே. அடியார் சக்கரமாகக் காண்பது அச்சுருளைத்தான். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத் தலத்தை முக்திநாத்தோடு இணைத்துத் தமிழ் வைணவர் யாத்திரை செல்கின்றனர். அங்கிருந்து வந்த கல் பட்டுத்துணி விரித்த பெட்டியில் திருமஞ்சனம் பெறுகிறது. அதே குலத்து அரியலூர்க் கல்லுக்கு அந்த யோகம் இல்லை.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைகளுக்கு உணவு. சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் வீடுகளும் அதில்தான் நிற்கின்றன. சுரங்க வெட்டுகள்தாம் பல அடுக்குகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தன என்பதும் உண்மை. எனினும் வெளிவந்த அடுக்கு அதே வேகத்தில் பொடியாகிறது. காரைப் பகுதியின் வெற்றுச் செம்மேடுகளிலோ கண்டவர் கண்டதைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். எந்த ஊர், எந்த மேடு, எந்த அடுக்கு என்ற குறிப்பு இல்லாத அம்மோனைட் மேசையை அலங்கரிக்கலாம், காலத்தைச் சொல்லாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்கு வேலியிட்டுக் காக்கிறோம். மரம் கண்ணில் படும் அளவுக்குப் பெரியது. உள்ளங்கையில் அடங்கும் கல்லுக்கு யார் வேலியிடுவார்? குறைந்தது, பொறுக்குபவர் அந்த இடத்திலேயே நின்று ஊர்ப்பெயரையும் மண்ணின் நிறத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி உடன்வைக்கலாம். கேயும் கன்லிஃபும் ஊர்ப்பெயரை மட்டுமாவது எழுதி அனுப்பினார்கள். ஃபோர்ப்சின் பிழையைப் பின்வந்தோர் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான்.