நீண்ட பட்டியலில் ஒரு வரி: பெங்களூர்ச் சாப்பர் குடும்பங்களின் படைப்பணி ஆவணங்கள்

பெங்களூர் அல்சூர் ஏரியை ஒட்டியிருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் வரலாறு 1780இல் சென்னையில் திரட்டப்பட்ட இரண்டு பயனியர் கம்பெனிகளிலிருந்து தொடங்குகிறது. 1831இல் 'மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' என்று பெயர் மாறிய இப்படை, அந்நூற்றாண்டிலேயே பெங்களூரில் நிலைகொண்டது. தண்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதில் இதற்கும் பங்குண்டு. பாலம் கட்டியவர்களும் சாலை அமைத்தவர்களும் கண்ணிவெடி அகற்றியவர்களுமான இவர்களுள் பறையர் சமூகத்தவரும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்தனர்.

படைப்பிரிவின் வரலாறு நூல்களாக வந்துவிட்டது. அதில் பணியாற்றிய தனிமனிதரின் வரலாறு பெரும்பாலும் அவர் வீட்டுத் தகரப்பெட்டியில்தான் இருக்கிறது. இதற்குக் காரணங்கள் உண்டு.

காலனிய இந்தியப் படையின் பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பற்றிய கோப்புகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் கிடைக்கின்றன. சிப்பாய்களின் பணி ஆவணங்களோ அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் தங்கின. அங்கும் அவை என்றென்றைக்கும் இருப்பதில்லை. ஓய்வூதியமின்றி விலகியவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப்பின் அழிக்கப்பட்டன என்று, இராணுவ ஒழுங்குவிதிகளின் 595ஆம் பத்தியைச் சுட்டி, வழக்குகளில் பதிலளிக்கப்படுவதைத் தீர்ப்புகளில் காணலாம். அதன்பின் எஞ்சுவது 'லாங் ரோல்' எனப்படும் நீண்ட பட்டியலில் ஒரு வரி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஓய்வூதியமின்றியே வீடு திரும்பினர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

நினைவுச்சின்னங்களும் இக்குறையை நிரப்பவில்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்தோருக்கான பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியர்களுள் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடியின்மீது பாய்ந்து உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்த சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அவர் பெயர் அரசிதழில் நிலைபெற்றது. பதக்கம் பெறாமல் வீடு திரும்பிய சாப்பருக்கு அரசிதழ் ஏதுமில்லை.

ஆகவேதான் டிஸ்சார்ஜ் புத்தகம் முதன்மைச் சான்றாகிறது. படை எண், தந்தை பெயர், ஊர், தாலுகா, சாதி, மதம், உயரம், அங்க அடையாளம், கற்ற தொழில், சென்ற நாடுகள், நன்னடத்தைக் குறிப்பு ஆகியவை ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும். நிலப் பட்டா இல்லாத, பள்ளிப் பதிவேட்டிலும் இடம்பெறாத குடும்பங்களுக்கு, முன்னோர் ஒருவரைத் தனிமனிதராக அரசு எழுதிவைத்த முதல் தாள் இதுவாகவே இருக்கக்கூடும். ஓய்வூதியமில்லாத உலகப்போர் வீரர்களின் மனைவியர்க்கு மாநில அரசுகள் வழங்கும் உதவித்தொகைக்கும் இதுவே ஆதாரம்.

பஞ்சாப் அரசு முதல் உலகப் போருக்குப்பின் ஊர்வாரியாகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2021இல் ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள் அவற்றிலிருந்து எண்ணிம வடிவில் வெளிவரத் தொடங்கின. அரசுக் காப்பகமே போதும் என்றும் நாம் இருந்துவிட முடியாது. 1940இல் லண்டனில் விழுந்த குண்டினால் முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வீரர் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்தன. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் தீவிபத்தில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. அப்போது குடும்பங்களிடம் இருந்த படிகளும் மறுசான்றாயின.

ஆய்வு மாணவர்களும் குடும்பத்தினரும் கருத்திற்கொள்ள வேண்டியவை சில. முதலில் படை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தர் கையில் முனிசாமி என்பவர் முனுசாமியாகவும் மூனேசாமியாகவும் மாறியிருப்பார். எண் அவ்வளவு எளிதில் மாறாது. துருப்பிடித்த குண்டூசிகளை அகற்றுங்கள். தாள்களுக்கு லேமினேஷன் செய்யாதீர்கள். செய்தபின் பிரிக்க இயலாது. வெற்றுப் பக்கங்களையும் உறைகளையும் சேர்த்தே படமெடுங்கள். அஞ்சல் முத்திரை ஒரு முகாமின் இருப்பிடத்தைச் சொல்லக்கூடும். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம். புகைப்படத்தில் இருப்போர் யாரென்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஓய்வூதிய எண்ணும் வங்கி விவரமும் உள்ள பக்கங்களை முகநூலில் இடாதீர்கள். மூலம் குடும்பத்திடமே இருக்கட்டும். படியொன்று நூலகத்திலோ படைப்பிரிவின் அருங்காட்சியகத்திலோ சேரட்டும்.

தாத்தாவின் வீடு விற்கப்படும்போதோ பாகம் பிரிக்கப்படும்போதோ நகைகளுக்குக் கணக்கு எழுதுகிறோம். தாள்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்கின்றன. அரசிடம் ஒரு வரியாக மட்டுமே எஞ்சியிருப்பவரின் மீதிப் பக்கங்கள் அவை.