அரளியும் பேஸ்மேக்கரும்

எங்கள் ஜீயபுரம் பக்கம் அரளி என்றால் சாமிக்குப் போடும் பூ. ஆனால் மஞ்சள் அரளியின் விஷம் டிஜாக்ஸின் என்ற இதய மருந்துக்கு நெருங்கிய சொந்தம். உடம்பில் ஏறினால், இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேராது. நாடி படுத்துவிடும்.

1980-களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி இலங்கை முழுக்க இந்த விஷத்தோடு ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முதலில் நாடியை ஏற்ற அட்ரோபின். அதற்கு மசியாவிட்டால், ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டுத் தற்காலிக பேஸ்மேக்கர். அதற்காக வெளியூர் நோயாளிகளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மருந்து, மின்சாரம் இரண்டும் சேர்ந்து ஆளைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். விஷத்தை எடுக்காது!

எடுக்கிற மருந்தும் வந்தது. செம்மறியாட்டிடமிருந்து தயாரித்த முறிமருந்து. கொழும்பில் 66 பேரிடம் நடந்த சோதனையை 2000-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு 2 மணி நேரத்தில் துடிப்பு முழுசாகச் சீரானது. பெறாத 32 பேரில் 2 பேருக்குத்தான்.

இனிமேல்தான் எங்கள் பாடம். காமர்ஸில் வாங்கும் சக்தி இல்லாத தேவைக்கு 'டிமாண்ட்' என்ற பெயரே கிடையாது (முதல் வருஷம் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன்). விலை கட்டுப்படியாகாமல் 2002-ல் முறிமருந்து நின்றுபோனது. சாவுகள் கூடின என்று 2003-ல் அதே லான்செட்டில் கட்டுரை வந்தது. வார்டுகளில் மறுபடி அட்ரோபினும் கம்பியும்தான்.