செஞ்சியின் கொம்பைக் காத்த பத்து லட்சம் சொற்கள்



திண்டிவனம், விழுப்புரம் என்று கணினியில் தட்டிப் பாருங்கள். இடம் மாறி நிற்க வேண்டிய குறி எதுவும் இந்த இரண்டு பெயரிலும் இல்லை. அடுத்து, பக்கத்திலேயே இருக்கும் செஞ்சியைத் தட்டுங்கள். கதை இங்கேதான் ஆரம்பம்! யூனிகோடு முறைப்படி முதலில் 'ச' சேமிக்கப்படும், ஒற்றைக்கொம்பு அதற்குப் பிறகுதான். ஆனால் திரையில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். கோலியனூர் இன்னும் சிக்கல். அதில் உள்ள ஓகாரக்குறி ஒரே குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். காட்டும்போது அது இரட்டைக்கொம்பாகவும் காலாகவும் உடைந்து, 'க'வுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும்.

சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த பழைய லினக்ஸ் குறுந்தகட்டை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். செஞ்சியின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நின்றது. இன்று அப்படி நடப்பதில்லை. ஏன் என்று தேடியபோது கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

எழுத்துகளை இப்படி அடுக்கிக் கொடுக்கும் வேலையை லினக்ஸில் முதலில் பாங்கோவும் க்யூட்டியும் தனித்தனியாகச் செய்துவந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடக்கும். 2006-ல் இரண்டுக்கும் பொதுவாக ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் பிறந்தது. பிறகு, ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பொத் அதைப் புதிதாகவே எழுதினார். 2012 வாக்கில் இந்திய மொழிகளுக்கான பகுதி வேகமாக வளர்ந்தது.

அங்கேதான் ஆபத்தும் இருந்தது. தேவநாகரி, வங்காளம், தமிழ், மலையாளம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே நிரல்தான். வங்காளத்துக்காக ஒரு பேட்ச் போட்டால் தமிழ் உடையலாம். தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி டெலிபோன் கேபிளை அறுக்கிற கதை! சரியாக இருந்தது புதுத் திருத்தத்தால் கெட்டுப்போவதைத்தான் ரெக்ரஷன் என்கிறார்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒன்பது பத்து எழுத்துமுறைகளை ஒரு ஆள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியுமா?

முடியாது. அதனால் அந்த வேலையைக் கணினியிடமே கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவிலிருந்து ஒவ்வொரு மொழியின் சொற்களையும் திரட்டினார்கள். தமிழில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சொல்லையும் ஒரே எழுத்துருவில் ஹார்ஃப்பஸிடமும், விண்டோஸில் இருந்த யூனிஸ்கிரைபிடமும் கொடுத்து விடைகளை ஒப்பிட்டார்கள். எந்த மொழியில் எத்தனை சொல் தவறியது என்ற கணக்கை பெஹ்தாத் தன் மாற்றக் குறிப்புகளிலேயே எழுதிவைத்தார். எண்ணிக்கை குறைந்தால் முன்னேற்றம், கூடினால் எங்கோ உடைத்துவிட்டோம் என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில இடங்களில் யூனிஸ்கிரைபே தவறு செய்தது! ஒப்பிடும்போது மட்டும் அந்தத் தவறுகளையும் அப்படியே பின்பற்ற ஹார்ஃப்பஸில் தனியாக ஒரு விருப்பமே வைத்தார்கள். ஒப்பிடுவது இயந்திரம், ஆனால் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது மனிதன்.

இதுபோன்ற யோசனை வேறு இடங்களிலும் இருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 2004 முதல் தன்னார்வலர்களின் கணினிகள் சோதனை ஓட்டுகின்றன. லினக்ஸ் கெர்னலுக்கு வரும் பேட்சுகளை இன்டெலின் ஜீரோ-டே தானாகவே சோதிக்கிறது. ஹார்ஃப்பஸிலும் திருத்திய பிழைகள் சிறு சோதனைகளாகச் சேர்க்கப்படுகின்றன. எந்த எழுத்துரு, எந்த எழுத்துகள், வரவேண்டிய விடை என்ன என்பது ஒரே வரியில் இருக்கும். புது மாற்றம் வரும்போதெல்லாம் அத்தனையும் தானாக ஓடும். விழுந்த குழியிலேயே மறுபடி விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாம் இன்று ஹார்ஃப்பஸைத்தான் பயன்படுத்துகின்றன. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தங்கள் ஊரைப் பற்றி எழுதியவர்கள், அந்தச் சொற்கள் ஒருநாள் காவல்காரர்களாக நிற்கும் என்று நினைத்திருப்பார்களா?

நம் வகுப்பில் "டெஸ்டிங்கா? அது கோடிங் வராதவன் வேலைடா" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் செல்போனில் செஞ்சி செஞ்சியாகவே தெரிவதற்கு அந்த வேலையும் ஒரு காரணம். எங்காவது தமிழ் உடைந்து தெரிந்தால் திட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சொல்லையும் எழுத்துருவின் பெயரையும் குறித்து அந்தத் திட்டத்துக்கு அனுப்புங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கேளுங்கள். நீங்கள் அனுப்பும் ஒரு சொல், நாளைக்கு ஒரு சோதனையாகலாம்!