பாலக்நாமா
பாலக்நாமா: டெல்லியின் தெருவோரச் சிறார்களும் உழைக்கும் சிறார்களும் நடத்தும் இந்தி இதழ். ‘சேத்னா’ தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2003-இல் தொடங்கியது. ‘பட்தே கதம்’ என்ற சிறார் கூட்டமைப்பின் குரலாக வெளிவருகிறது.

செய்தி திரட்டும் முறையே இதன் தனிச்சிறப்பு. எழுதத் தெரியாத சிறார்கள் ‘பாத்தூனி’ நிருபர்கள். குப்பை பொறுக்கும் இடத்திலும் ரயில் நிலையத்திலும் கண்டதை வாய்மொழியாகச் சொல்வார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு செய்தியாக்குவார்கள்.

குழந்தைத் திருமணம், போலீஸ் அடி, போதைப் பழக்கம் எனப் பெரிய நாளிதழ்கள் தவறவிடும் செய்திகள் இதில் இடம்பெறுகின்றன. தண்டவாளத்தில் அடிபட்டு இறந்தவர்களின் உடல்களைச் சிறுவர்களைக் கொண்டு அகற்றவைத்த கொடுமையை இவ்விதழ் வெளிக்கொணர்ந்தது. பிற ஊடகங்களும் அதைக் கையிலெடுத்தன.

பாதிக்கப்பட்டவர்களே நிருபர்களாகும் மக்கள் இதழியலுக்கு இது இந்தியாவின் முன்னோடிச் சான்றுகளில் ஒன்று.