அட்டையின் முதுகு

கன்னிவாடியில் அத்தை வீட்டுப் பூசை அலமாரியில், பழனியாண்டவர் படத்தை ஒட்டிச் சட்டமிட்ட ஒரு புகைப்பட அஞ்சலட்டை இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த ஸ்பென்சர் கடையின் முகப்பு. வாசலருகே சிவப்புத் தலைப்பாகையுடன் ஒருவர் நிற்கிறார். அவர்தாம் என் கொள்ளுத்தாத்தா என்பது குடும்ப வழக்கு. தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) ஊரைவிட்டுப் போனவர் அக்கடையில் சேர்ந்ததும் எடுத்த படமாம். தை அமாவாசை மாலை அவருக்குத்தான்.

பாடபேதம் பார்த்தே பழகிய கண் சும்மா இருக்குமா? சென்ற கோடை விடுமுறையில் அத்தையின் அனுமதியோடு சட்டத்தைக் கழற்றினேன்.

முதலில் கட்டடம். ஸ்பென்சர் நிறுவனம் 1863இல் தொடங்கியது. ஆனால் படத்திலுள்ள மாளிகை 1890களில் எழுந்தது. (1980களின் தொடக்கத்தில் அது தீக்கிரையாயிற்று, அவ்விடத்தில்தான் இன்றைய ஸ்பென்சர் பிளாசா.) கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் போனது மெய்யாகவே இருக்கலாம். படம் அதற்குச் சாட்சியன்று.

அடுத்து, அட்டையின் முதுகு. நடுவே கோடு, ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி முகவரிக்கு. பிரிட்டிஷ் அஞ்சல்துறை இம்முறையை 1902இல்தான் அனுமதித்தது. பிற நாடுகள் பின்தொடர்ந்தன. அதற்குமுன் முகவரிப் பக்கத்தில் செய்தி எழுதலாகாது. படத்தின் ஓரத்தில் நெருக்கியடித்து எழுத வேண்டும். முத்திரை மங்கிவிட்டது, ஆனால் காலணாத் தபால்தலையில் ஏழாம் எட்வர்டு இருக்கிறார். 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜின் தலைகள் வந்துவிட்டன. ஆக, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு.

அந்தச் சிவப்பும் நம்முடையதன்று. அக்காலத்து இந்தியப் பட அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாயின. இதன் ஓரத்திலும் அவ்வாறே பொடியெழுத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, சென்னையைப் பார்த்திராத யாரோ வண்ணமிட்டிருக்க வேண்டும். உருப்பெருக்கியை முகத்தருகே கொண்டுபோனேன். மூக்கில்லை, மீசையில்லை, வெறும் புள்ளிகள்.

செய்தி நான்கே வரி. ஐந்து ரூபாய் மணியார்டர் அனுப்பியிருப்பதாகவும், அடகிலுள்ள நகையை முதலில் மீட்கும்படியும், மழை பெய்ததா என்று எழுதும்படியும். கீழே கையொப்பம்; எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் உள்ள அதே 'ன'கரச் சுழி. படத்தில் நிற்பவன் நான் என்று அவர் எங்கும் எழுதவில்லை. கடையில் விற்ற அட்டையொன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார், அவ்வளவே. திண்டுக்கல்வரை ரயிலில் வந்து, பின் மலையடிவாரம் சேர்ந்த அட்டையில், அவர் பிள்ளைகளோ பேரர்களோ அவரைக் கண்டெடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னேன். அத்தை மறுபேச்சின்றி அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, மணியார்டர் வரியை இருமுறை வாசிக்கச் சொன்னார்.

"எந்த நகைன்னு எழுதலையாப்பா?"

"இல்லையத்தை."

"சரி, ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி கண்ணாடி போட்டுக் கொண்டா."

திண்டுக்கல்லில் சட்டக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.