தேறு

தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால் மண் அடியில் படிந்துவிடும். தேற்றா மரத்தின் விதை அது. ‘தேறு’ என்றால் தெளிதல்; நீரைத் தெளியவைப்பதால் வந்த பெயர். சங்கப் பாடல்களில் வரும் ‘தேறல்’ என்ற சொல்லும் தெளிந்த கள்ளைக் குறிப்பதே.

இதே ‘தேறு’ என்ற வினைக்கு நம்புதல் என்றும் பொருள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான். கலக்கம் அடங்கிய பிறகு வருவதைத்தான் பழந்தமிழ் நம்பிக்கை என்றது. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. ஆராயாமல் எவரையும் நம்பாதே, ஆராய்ந்த பின் நம்பத் தக்கதை நம்பு என்கிறது அதிலுள்ள 509ஆம் குறள். ‘தேர்’ என்பது ஆராய்தல், ‘தேறு’ என்பது நம்புதல். இரண்டையும் அருகருகே வைத்து வள்ளுவர் சொல்லும் வரிசையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கேள்வி கேட்பவரை நம்பிக்கையற்றவர் என்று ஒதுக்குவது இந்தச் சொல்லுக்கே அநியாயம். அவர் இன்னும் தேர்ந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த குறள் மறுபக்கத்தையும் சொல்கிறது: தெளிந்து ஏற்றவரிடம் பிறகு ஐயம் கொள்வதும் தீராத துன்பம்.

இலக்கணத்தில் உறுதியைக் காட்டும் ஏகாரத்துக்குத் ‘தேற்றம்’ என்று பெயர். துயரத்தில் இருப்பவரைத் ‘தேற்றுகிறோம்’, நோயாளி ‘உடம்பு தேறி’ எழுகிறார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ‘தேர்வில் தேறிவிட்டேன்’ என்கிறார்கள், இரு சொற்களையும் ஒரே மூச்சில்.