கீலும் பாட்டும் தந்த காட்டூர்

பின்லாந்து நாட்டின் படத்தை விரித்து, அதன் கிழக்கு எல்லையோரமாக விரலை நகர்த்திச் சென்றால், நடுவழியில் குஹ்மோ என்றொரு சிற்றூரின் பெயர் தென்படும். அரண்மனையோ கோட்டையோ அங்கில்லை. பெரும் போரில் வென்ற மன்னர் எவரும் அங்குப் பிறக்கவுமில்லை. ஆயினும், ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியின் பெருமையைக் கண்டறிந்த வரலாறு அந்த ஊரின் வழியாகத்தான் நடந்து சென்றது. அவ்வூரைக் காணும் ஆவலே நம்மை அங்கு அழைத்துச் சென்றது.

ஹெல்சிங்கி நகரில் காலையில் இரயில் ஏறினோம். பிற்பகலில் கயானியை அடைந்தோம். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். வழியெங்கும் காடும் ஏரியும் மாறி மாறி வந்தனவேயன்றி ஊர்கள் அரிதாகவே காணப்பட்டன. அந்நாட்டு நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு என்று ஏட்டில் படிப்பது வேறு. அதனூடே மணிக்கணக்காகச் செல்வது வேறு. பைன் மரங்களின் செந்நிற அடிகளுக்கிடையே பிர்ச் மரங்கள் வெண்மையாகத் தோன்றின. நம் முன்னோர் இமயத்தில் பட்டை உரித்து ஏடாகப் பயன்படுத்திய பூர்ஜ மரத்தின் இனமே அது.

குஹ்மோவின் எல்லைக்குள் அடங்கிய பரப்பு சுமார் 5,400 சதுர கிலோமீட்டர்; அதில் வாழ்வோர் ஏறத்தாழ 8,000 பேர். ஏரிக்கரையில் மரவீடுகள், மரத்தாலேயே எழுந்த பழைய தேவாலயம், அகன்ற அமைதியான தெருக்கள், இவையே ஊர். நாம் சென்றது ஜூலைத் தொடக்கமாதலின், நள்ளிரவிலும் விளக்கின்றிப் புத்தகம் படிக்குமளவு வெளிச்சம் இருந்தது.

இவ்வூரார் முற்காலத்தில் எதைக்கொண்டு பிழைத்தனர்? மரக்கலங்களுக்கும் கயிறுகளுக்கும் பூசும் கீல்தான் அவர்களுடைய செல்வம். தார் என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பது. இதுவோ பைன் மரத்தின் பிசினிலிருந்து வடிப்பது. அதனை உண்டாக்கும் முறை மிகுந்த பொறுமையை வேண்டுவது. முதலில், நிற்கும் மரத்தின் பட்டையைச் சில ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக உரிப்பர். மரம் பட்டுப்போகாதவாறு ஒருபுறம் பட்டையை விட்டுவைப்பர். காயம்பட்ட மரத்தில் பிசின் ஊறிச் சேரும். பிறகு அதனை வெட்டிப் பிளந்து, புனல்போல் சரிந்த குழியில் அடுக்கி, மேலே பாசியும் மண்ணும் மூடி, ஓரங்களில் தீயிடுவர். தீ கொழுந்துவிடாமல் பல நாள் கனன்றுகொண்டிருக்க, கீல் அடியில் வடிந்து குழாய் வழியே பீப்பாயில் விழும். இரவும் பகலும் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும்.

கீல் வடித்தாயிற்று, அதைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமே! மெல்லிய பலகைகளால் ஆன, நாற்பது அடிக்கு மேற்பட்ட நீளமுடைய ஒடுங்கிய படகில் இருபதுக்கும் அதிகமான பீப்பாய்களை ஏற்றி, ஏரி ஏரியாகக் கடந்து கயானிக்கு வருவர். அங்கிருந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டுவதற்கு 1846-இல் மதகுக் கால்வாய் அமைக்கப்பட்டது. அப்பால் பேரேரியொன்றைக் கடந்து, ஓவுலு ஆற்றின் கொந்தளிப்பான நீரோட்டங்களில் இறங்கி, ஓவுலு துறைமுகத்தைச் சேர்வர். ஆண்களேயன்றிப் பெண்களும் துடுப்பு வலித்தனர். திரும்பி வருகையில் மாவும் உப்பும் ஏற்றிய படகை நீரோட்டத்தை எதிர்த்துக் கழியால் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

இத்துணை உழைப்பின் பயன் யாருக்குச் சென்றது? காட்டுக் குடியானவர் ஓவுலு வணிகரிடம் மாவைக் கடனாக வாங்குவர். கீலைக் கொடுத்துக் கடனை அடைப்பர். மறுபடியும் கடன் வாங்குவர். உலகின் கப்பல்கள் இவர்களுடைய கீலால் மிதந்தன. இவர்களோ கடனில் மூழ்கினர். 1854-இல், கிரிமியப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்படையினர் ஓவுலுவில் குவிந்திருந்த கீல் கிடங்குகளைக் கொளுத்தினர். அவற்றில் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் வணிகரே முன்னதாக விலைக்கு வாங்கியிருந்தனர் என்பது அப்போரின் விந்தைகளுள் ஒன்று.

1866 முதல் 1868 வரை நாடெங்கும் கொடும்பஞ்சம். மக்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் மாண்டனர். பைன் மரத்தின் உட்பட்டையை உலர்த்தி இடித்து மாவுடன் கலந்து ரொட்டி சுட்டு உண்டனர். குஹ்மோ அடங்கிய கைனூ வட்டாரத்திற்குப் 'பசி நாடு' என்ற பெயரே பிற்காலத்தில் நிலைத்துவிட்டது.

இத்தகைய வறியவர் நாட்டிற்குத்தான் 1833-இல் எலியாஸ் லொண்ரொத் என்னும் இளம் மருத்துவர் கயானியின் வட்டார வைத்தியராக வந்தார். அவர் ஒரு தையற்காரரின் மகன். அக்காலத்தில் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. கற்றோர் அவையிலும் அரசு அலுவலிலும் சுவீடிய மொழியே வழங்கிற்று. பின்னிஷ் மொழி குடியானவரின் பேச்சாகவே கருதப்பட்டது. லொண்ரொத்தோ, அந்தப் பேச்சில் வழிவழியாகப் பாடப்பட்டுவந்த பழம்பாடல்களைத் தேடிப் புறப்பட்டார். குஹ்மோ வழியாகக் கிழக்கெல்லையைக் கடந்து கரேலியச் சிற்றூர்களுக்குச் சென்றார். 1834-இல் லத்வயார்வி என்னும் சிற்றூரில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற முதிய குடியானவர் பாடப் பாட, நான்காயிரத்திற்கும் மேற்பட்ட அடிகளை எழுதிக்கொண்டார். அப்பாடல்களை முறைப்படுத்தி இணைத்து, 1835-இல் 'கலேவலா' என்ற காவியத்தை வெளியிட்டார். 1849-இல் அது 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்டதாக விரிந்தது. 1863-இல் பின்னிஷ் மொழிக்கு அரசு அலுவலில் சுவீடிய மொழியோடு சமநிலை அளிக்கும் ஆணை பிறந்தது. 1917-இல் நாடே விடுதலை பெற்றது. காவியமொன்றே இவற்றையெல்லாம் செய்தது என்று கூறுதல் மிகை. ஆனால், "எமக்கும் ஓர் இலக்கியம் உண்டு" என்று அம்மக்கள் நிமிர்ந்து கூற அதுவே முதற் காரணமாயிற்று.

பின்னர், பாட்டு வந்த வழியே படையும் வந்தது. 1939 நவம்பரில் மூண்ட குளிர்காலப் போரில் சோவியத் படைப்பிரிவொன்று குஹ்மோவை நோக்கி முன்னேறிற்று. பின்லாந்துப் படையினர் பனிக்காட்டில் அதனைச் சூழ்ந்து தடுத்தனர். 1940 மார்ச் 13-இல் போர் ஓய்ந்தது. எல்லை மாறியதால், தெற்கே கரேலியாவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலைத் துறந்து வெளியேறினர். லொண்ரொத் பாட்டுக் கேட்ட ஊர்கள் எல்லைக்கு அப்பாலேயே உள்ளன. 2023 இறுதியில் பின்லாந்து தன் கிழக்கெல்லைச் சாவடிகளை மூடியபோது, அந்தப் பழைய வழி மீண்டும் அடைபட்டது.

இரும்புக் கப்பல்கள் வந்தபின் கீல் வாணிகம் மறைந்தது. பாட்டு மறையவில்லை. 1970-இல் தொடங்கிய இசை விழா ஒன்று ஆண்டுதோறும் ஜூலையில் உலகின் இசைவாணர்களை இச்சிற்றூருக்கு வரவழைக்கிறது. யுமின்கெகோ என்ற பண்பாட்டு நிலையம் கலேவலாவின் பன்மொழிப் பதிப்புகளைத் திரட்டிப் பாதுகாத்துவருகிறது.

அந்நிலையத்தில் நின்றபோது நம் நெஞ்சில் ஒரு பெருமிதம் எழுந்தது. கலேவலா முழுவதும் தமிழிலும் உண்டு. இலங்கையிலிருந்து சென்று பின்லாந்தில் வாழ்ந்த ஆர். சிவலிங்கம் என்னும் உதயணன் அதனைத் தமிழ்க் கவிதையாக்கினார். சிந்துவெளி எழுத்தாராய்ச்சியால் நாமறிந்த அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவின் முன்னுரையுடன் 1994-இல் அது வெளிவந்தது. பிழைப்பைத் தேடியோ புகலைத் தேடியோ அயல்நாடு சென்றவர், தம் மொழியையும் உடன் கொண்டுசென்று, அந்நாட்டின் காவியத்தை அதில் வார்த்துத் தந்தார்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களில், தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அறிந்த முதியோர் இன்றும் உளர். பேரக்குழந்தைகளுக்கு அப்பாட்டின் சொற்கள் பாதி விளங்குவதில்லை. லொண்ரொத் காடு மேடெல்லாம் நடந்து தேடியதை நாம் வீட்டுக் கூடத்திலேயே கேட்கலாம். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பாட்டியின் அருகில் அமர்ந்து எழுதத் தொடங்குவோமாக.